பதினாலாம் நம்பர்

பெசோவின் டெலிகா வேனில்
எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில்.
தூக்கினால் முகத்தில் அடிக்கும் டீசல் சூடு,
போன கோடையில் மென்று துப்பிய
சூரியகாந்தி விதைத் தோல்கள்,
எந்தப் பயணியுடையதோ ஒற்றைக் காதணி,
எல்லாவற்றுக்கும் கீழே
செத்துப்போன ஸ்டார்ட்டர்.

அதைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்.
கீழது நல்ல பிள்ளை, சொன்னதும் வந்தது.
மேலது
கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டாது.
கண்ணுக்கு எட்டத் தலையைச் சாய்த்தால்
கை வைக்க இடமில்லை.

நேர் ஸ்பேனர் பைப்பில் முட்டியது.
சாக்கெட் நுழைந்தது, அதன் பிடி நுழையவில்லை.
மூட்டு வைத்த நீட்டல் கம்பி
பாதி வழியில் கழுத்தைச் சாய்த்துத்
தூங்கிவிட்டது.
இதை வரைந்தவன் எங்கோ ஜப்பானில்
சுத்தமான மேசையில் பென்சில் பிடித்தவன்.
அவன் காகிதத்தில்
மனிதக் கைக்கு முழங்கை கிடையாது.
மூன்று முறை அவனைத் திட்டினேன்,
நாலாம் முறை அவன் குடும்பத்தையும்.

பெசோ வாசலில் நின்று
மணி கேட்டுக்கொண்டே இருந்தான்.
காலை ஆறுக்கு நான்கு போலந்துக்காரர்களை
அவன் கஸ்பேகி மலைக்கு ஏற்ற வேண்டும்.

எலியாவா சந்தைக்கு நடந்தேன்.
தூறல். திபிலிசி முழுக்க ரப்பர் வாசனை.
"பிறை ஸ்பேனரா? பன்னிரண்டு இருக்கு, பதினேழு இருக்கு."
"பதினாலு?"
"எல்லாரும் கேட்பது அதைத்தான்,
அதனால்தான் யாரிடமும் இல்லை."
ஏழு கடை, ஏழு விதமான கைவிரிப்பு.

கடைசியில் சியூரி.
தார்ப்பாய் மேல் பழைய இரும்பு,
டயர் மேல் அவள், கையில் காபி.
நம்பர் கேட்கவில்லை.
"என்ன வண்டி?"
"டெலிகா."
"ஸ்டார்ட்டரா?"
எழாமலே, உட்கார்ந்திருந்த டயருக்குள் கைவிட்டு
ஒன்றை எடுத்துப் போட்டாள்.

ஸ்பேனர் என்று சொல்ல முடியாது அதை.
யாரோ காய்ச்சி இரண்டு இடத்தில் முறுக்கி,
வாயை ராவி மெலிதாக்கி, வாலை வெட்டியிருந்தான்.
கழுத்தில் நெருப்பு பட்ட நீலம் இன்னும் இருந்தது.
ஒரு முழு இரவின் கோபம்
அந்த வளைவில்.

"இருபது லாரி. திருப்பித் தந்தால் பதினைந்து தருவேன்."
"யார் திருப்பித் தருவார்கள்?"
"எல்லாரும்தான். இதுவரை ஒன்பது பேர்.
இது எவனுக்கு ரெண்டாம் தடவை வேணும்?"

வேனில் குப்புறப் படுத்தேன்,
கால்கள் கதவுக்கு வெளியே மழையில்.
வலது கையில் பிடித்தேன், திரும்பவில்லை.
எப்படிப் பிடித்தாலும் வளைவு
என் மணிக்கட்டை எதிர்த்தது.
அப்போதுதான் உறைத்தது:
இதை முறுக்கியவன் நுழைத்தது
இடது கையை.

கை மாற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தும் பயனில்லை.
வாய் போய்க் கவ்வியது.
கடிகார முள்ளில் ஒரு மணி அளவு திருப்பு,
எடு, கவிழ், மறுபடி கவ்வு,
இன்னொரு மணி.
பெயர் தெரியாத ஒருவனின் முழங்கை
என் முழங்கைக்குள் மடங்கி நிமிர்ந்தது.
இரண்டரை நாள் சுற்றினேன் அந்த இருட்டில்,
வெளியே இருபது நிமிடம்.
போல்ட் விரலுக்கு வந்தது,
விரலைவிட்டு நழுவி
அடித்தகட்டில் விழுந்தது டங்கென்று.
பெசோ பதறி ஓடிவந்தான்.
சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பதினைந்து லாரி வாங்க நான் போகவில்லை.
போகிற வழிதான், போகவில்லை.
சுவரில் வரிசையாய்த் தொங்குபவற்றில்
அது ஒட்டவில்லை;
தனி ஆணி அடித்தேன்.

நவம்பரில் போன்.
"பத்தாவது ஆளே, என் இரும்பு எங்கே?
இங்கே ஒருத்தன் நிற்கிறான். டெலிகா."
"என்னிடம் அனுப்பு."
அவள் காபி உறிஞ்சுவது கேட்டது.
"எனக்கு?"
"ஐந்து."
"ஏழு."
"சரி, ஏழு."

வந்தான்.
டோ கயிற்றை அவிழ்க்கும்போது பார்த்தேன்,
வலது கை முட்டியெல்லாம்
தோல் உரிந்திருந்தது.